கொப்புள நோயும் ஸ்டீரொய்ட் குளிசையும்: குறைப்பது பற்றி கவுண்டரில் கேட்ட கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் உள்ள பாமசியில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். பெம்பிகஸ் என்ற கொப்புள நோயின் பெயரைப் படிக்கிற காலத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கி, அடுத்த நாளே மறந்தவள் நான். அபூர்வமான வருத்தம், எங்கே பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு. கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயர் எழுதிய மருந்துத் துண்டோடு அடிக்கடி யாராவது வருகிறார்கள் என்று. தோல் கிளினிக்கில் விடியற்காலை நம்பர் எடுத்து, மத்தியானம் வரை வாங்கில் இருந்து, டொக்டரிடம் கேட்க நினைத்ததை எல்லாம் மறந்துவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். அதுதான் இது.

நான் பாமசிஸ்ட், டொக்டர் அல்ல. உங்கள் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக்கின் வேலை. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால், அங்கே கிடைக்கிற ஐந்து நிமிடம் வீணாகாது.

மிஸ், இது கொப்புளிப்பானா, அக்கியா? வீட்டில சின்னப் பிள்ளைகள் இருக்கினம், தொத்துமா?

தொத்தாது. ஒரே கட்டிலில் படுத்தாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் தொத்தாது. அம்மாள் வருத்தம் என்று நினைத்து அப்பம்மாவைத் தனி அறையில் விட்டு, வாசலில் வேப்பிலை கட்டி, தட்டையும் வேறாக்கிய ஒரு வீடு எனக்குத் தெரியும். மூன்று வாரமாகியும் இறங்கவில்லை என்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையே அடிப்பதுதான் இந்த வருத்தம். தோலின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தை அது தாக்கினால் பெம்பிகஸ். கொப்புளம் தொளதொளவென்று இருக்கும், தொட்டாலே உடையும், அநேகமாக வாயில்தான் தொடங்கும். மேல்தோலைக் கீழே உள்ள தோலோடு பிடித்து வைத்திருக்கும் இடத்தைத் தாக்கினால் புல்லஸ் பெம்பிகொய்ட். கொப்புளம் இறுகிப் பருத்து நிற்கும், கடி, அதாவது அரிப்பு, தாங்க ஏலாது, பெரும்பாலும் வயது போனவர்களுக்கு வரும்.

ரெண்டுக்கும் அதே குளிசைதானே தாறாங்க? பேரைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறம்?

ஸ்டீரொய்ட்டைக் குறைக்கிற வழி இரண்டுக்கும் வேறு. அதனால்தான் தோலில் சின்னத் துண்டு வெட்டி எடுத்து பயொப்சியும், எதிர்ப்புப் பொருள் தோலில் எங்கே படிந்திருக்கிறது என்று காட்டும் இம்யூனோஃபுளோரசன்ஸும் செய்கிறார்கள். அந்த ரிப்போட்டைத் தொலைக்காதீர்கள். கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் ஒரு பிரதியை ஒட்டி வையுங்கள்.

ஸ்டீரொய்ட் கூடாத மருந்து எண்டு எல்லாரும் சொல்லினம். பிறகு ஏன் டொக்டர் அதையே எழுதுறார்?

அது இல்லாத காலத்தைத் தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். 1950களுக்கு முன்னர் பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. தோல் உரிந்த இடங்களால் நீரும் புரதமும் வடிந்து, கிருமி புகுந்து, வாய்ப் புண்ணால் சாப்பிட முடியாமல் போய்ச் சேர்ந்தார்கள். கோர்ட்டிசோன் கண்டுபிடிப்புக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் அது இந்த நோய்க்கும் வந்தது, இறப்பு பெருமளவு குறைந்தது. இன்றைக்கும் சில நாட்களிலேயே புதுக் கொப்புளத்தை நிறுத்த அதைப்போல வேகமான வேறு குளிசை இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு வந்த வருடங்களில் வேறொன்றைப் பார்த்தார்கள்: நோயால் சாகாதவர்கள் மருந்தின் பக்க விளைவால் சாகத் தொடங்கினார்கள். அதனால் ‘ஸ்டீரொய்ட் நல்லதா கெட்டதா’ என்று கேட்பதில் பயன் இல்லை. எவ்வளவு நாளைக்கு, எவ்வளவு, அதைத் தாங்கிப் பிடிக்க வேறு என்ன மருந்து என்று கேளுங்கள்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குளிசையா? துண்டில பிழை இல்லையே, மிஸ்?

பெரும்பாலும் பிழை இல்லை. பிரெட்னிசொலோன் என்ற இந்த ஸ்டீரொய்ட் குளிசையின் அளவு உடல் நிறையைப் பார்த்துத்தான் போடப்படும். ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 60 மில்லிகிராம். 5 மில்லிகிராம் குளிசையில் அது பன்னிரண்டு. முதல் தடவை அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதவர் இல்லை. சிலருக்கு அரை மில்லிகிராம் கணக்கிலேயே தொடங்குகிறார்கள், அது ஏன் என்று பின்னால் ஊசி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கிளினிக் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தடவையில் எடுங்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீரொய்ட்டைக் காலையில்தான் அதிகம் சுரக்கிறது, நாமும் அதே நேரத்தில் கொடுக்கிறோம். இரவில் எடுத்தால் நித்திரை போய்விடும்.

முகம் உப்புது, நித்திரை இல்லை, எரிச்சல் எரிச்சலா வருது. எல்லாம் இந்தக் குளிசையாலதானா?

ஆம், அநேகமாக. பசி கூடும், முகம் உருண்டையாகும், மனம் ஒரு நிலையில் நிற்காது. வீட்டு ஆட்களுக்கு ஒரு வார்த்தை: அப்பா திடீரென்று சத்தம் போடுகிறார் என்றால் அது அவருடைய குணம் மாறியதல்ல. முகம் உப்புவது அளவு குறையும்போது இறங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் எனக்குக் கவலை. எலும்பு தேயும், கண்ணில் வெண்படலம் வரும், கண் அழுத்தம் கூடும், பிரஷர் ஏறும், பழைய சயரோகம் திரும்பத் தலைதூக்கலாம். வெறுங்காலோடு தோட்டம், வயல் என்று நடந்தவர்களின் குடலில் சில வகைப் புழு வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீரொய்ட் கூடிய நேரத்தில் அது உடம்பெல்லாம் பரவிவிடலாம். தொடக்கத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, புழு மருந்தும் எழுதினால் ‘தோலுக்கும் இதுக்கும் என்ன’ என்று கேட்டு விட்டுவிடாதீர்கள்.

சீனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்து 95 என்று சந்தோஷமாக வருவார்கள். காலையில் எடுக்கிற பிரெட்னிசொலோன் சீனியை ஏற்றுவது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பின்னேரமும்தான். அந்த நேரத்தில் குத்திப் பாருங்கள். 95 என்று சொன்ன அதே ஆளுக்குப் பின்னேரம் 280 காட்டியதை இந்தக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

கொப்புளம் எல்லாம் காஞ்சிட்டு. இனி நிப்பாட்டலாம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமமான ஸ்டீரொய்ட்டைத் தானே சுரக்கிறது. மூன்று நாலு வாரம் வெளியிலிருந்து கூடுதலாகக் கொடுத்தால் அது வேலையை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும். திடீரென்று குளிசையை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சத்தி, தலைச்சுற்று, பிரஷர் விழுதல், மயக்கம், சில வேளை உயிர் ஆபத்தும்.

தெஹிவளையிலிருந்து வரும் ஒரு அம்மா, மகளின் கலியாணம் நெருங்க, வீடியோவில் முகம் உருண்டையாக விழும் என்று பயந்தார். ஒவ்வொரு காலையும் மகனுக்கு முன்னால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, குளிசைகளை ஒரு நெஸ்டமோல்ட் பேணிக்குள் போட்டுவந்தார். ஒன்பதாம் நாள் குளியலறையில் விழுந்தார். மகன் 1990க்கு அடித்து, அம்புலன்சில் கொண்டு போனார்கள். உயிர் தப்பியது, ஆனால் இரண்டு கிழமையில் முதுகெல்லாம் கொப்புளம். 8 குளிசைக்கு இறங்கியிருந்தவர் திரும்ப 12க்கு ஏறினார். முகத்துக்காக விட்ட ஒன்பது நாளுக்கு, அதற்குப் பிறகு பல மாதம் கூடுதலாக விழுங்கினார். அந்தப் பேணியை மகன் என் மேசையில் கவிழ்த்தபோது எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு.

அப்ப எப்பதான் குறைக்கத் தொடங்குவாங்க? எப்படிக் குறைப்பாங்க?

பொதுவாக இரண்டு அடையாளம் பார்க்கிறார்கள்: இரண்டு கிழமையாகப் புதுக் கொப்புளம் ஒன்றும் இல்லை, பழைய புண்ணில் ஏறக்குறைய 80 வீதம் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு படிப்படியாக. மேலே நிற்கும்போது பெரிய படி, கீழே வரவரச் சின்னப் படி. மாதிரிக்குச் சொன்னால், 60இல் நிற்பவரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு குறைத்து 45, 35, 25 என்று 20 வரை கொண்டுவருவார்கள். பிறகு இரண்டரை இரண்டரையாக. 10க்குக் கீழே ஒவ்வொரு மில்லிகிராமாக. இது மாதிரி மட்டும்தான், உங்கள் துண்டில் இருப்பதுதான் உங்களுக்கு.

இரண்டரை என்றால் 5 மில்லிகிராம் குளிசையைப் பாதியாக உடைப்பது. வெறும் வெள்ளைக் குளிசையை உடைக்கலாம். வயிற்றில் கரையாமல் குடலில் கரைவதற்காக மேலே பூச்சுப் போட்ட வகையை உடைக்கக் கூடாது. எது உங்களிடம் இருக்கிறது என்று பாமசியில் காட்டிக் கேளுங்கள்.

குறைச்சுக்கொண்டு வரேக்க ஒண்டு ரெண்டு கொப்புளம் வந்தா? உடனே கூட்டோணுமா?

ஒன்றிரண்டு வந்து, ஒரு கிழமைக்குள் தானாக ஆறினால் அதை நோய் திரும்பியதாகக் கணக்கெடுப்பதில்லை. ஒரு மாதத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் புதிதாக வந்து, ஒரு கிழமையில் ஆறாமல் நின்றால், அல்லது ஆறின புண் திரும்பப் பெருத்தால்தான் திரும்பியது என்று தோல் வைத்தியர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். நீங்களாகக் கூட்ட வேண்டாம், முன்பு சொன்னது போல நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். திகதி போட்டு ஃபோனில் படம் எடுங்கள். அடுத்த கிளினிக்கில் ‘இடையில வந்தது, இப்ப காஞ்சிட்டு’ என்று வாயால் சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும்.

இப்ப இன்னொரு குளிசையும் தந்திருக்காங்க. மருந்தைக் குறைக்க இன்னொரு மருந்தா?

அதேதான், அதில் பகிடி ஒன்றும் இல்லை. ஸ்டீரொய்ட் மட்டும் நின்று தாங்கும் பாரத்தில் பாதியை வேறொன்று தாங்கினால்தான் ஸ்டீரொய்ட்டைக் கீழே இறக்கலாம். அசாதயோப்ரின், மைக்கோபினோலேட் ஆகிய இரண்டும்தான் அதிகம் வருகின்றன. இவை வேலை செய்யத் தொடங்க ஒன்றரை இரண்டு மாதம் எடுக்கும். அதனால்தான் ‘இந்தக் குளிசையால ஒண்டும் தெரியேல்லை’ என்று மூன்றாம் கிழமையில் விடுபவர்கள், ஸ்டீரொய்ட்டைக் குறைக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

அசாதயோப்ரினை உடைக்கிற நொதி சிலருடைய உடம்பில் குறைவு. அவர்களுக்கு இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழலாம். தொடக்கத்தில் அடிக்கடி இரத்தம் எடுப்பது அதற்குத்தான், தவறவிடாதீர்கள். இன்னொன்று, கவுண்டரில் நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது: யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினோல் எடுப்பவர், அந்தத் துண்டு வேறு டொக்டருடையது என்பதால் சொல்லாமல் விட்டுவிடுவார். இந்த இரண்டும் சேர்ந்தால் மிகவும் ஆபத்து. மைக்கோபினோலேட் எடுக்கும்போது கர்ப்பம் தங்கக் கூடாது, பிள்ளைக்குக் குறை வரும். குடும்பம் நடத்தும் வயதில் உள்ள பெண்கள் இதை வெட்கப்படாமல் கிளினிக்கில் முதலே பேசுங்கள்.

ரிட்டுக்சிமாப் ஊசி எண்டு எழுதியிருக்கு. கூகிளில பாத்தா கான்சருக்கு எண்டு கிடக்கு!

கான்சர் என்ற சொல்லைப் பார்த்தே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். 1997இல் முதலில் நிணநீர்க் கான்சருக்குத்தான் அது அனுமதி பெற்றது. தோலை அடிக்கும் எதிர்ப்புப் பொருட்களுக்குப் பின்னால் நிற்கும் பி கலங்கள் என்ற வெள்ளை அணுக்களை அது அகற்றுகிறது, அதனால் இங்கேயும் பயன். பிரான்ஸில் 90 பெம்பிகஸ் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு பகுதிக்கு ஸ்டீரொய்ட் மட்டும், கிலோவுக்கு 1 அல்லது ஒன்றரை மில்லிகிராமில் தொடங்கி 12 அல்லது 18 மாதம். மற்றப் பகுதிக்கு இந்த ஊசியோடு கிலோவுக்கு அரை அல்லது 1 மில்லிகிராமில் தொடங்கி 3 அல்லது 6 மாதத்தில் நிறுத்தும் ஸ்டீரொய்ட். இரண்டு வருட முடிவில் குளிசை ஏதும் இல்லாமல் முழுதாக ஆறியிருந்தவர்கள் ஊசிப் பக்கம் 89 வீதம், ஸ்டீரொய்ட் மட்டும் எடுத்த பக்கம் 34 வீதம். அடுத்த வருடமே அமெரிக்காவில் பெம்பிகஸுக்கு அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு குளிசை பற்றிய கேள்வியில் அரை மில்லிகிராம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்.

வழக்கமாக 1 கிராம் சேலைனோடு ஏற்றி, இரண்டு கிழமை கழித்து இன்னொரு 1 கிராம். பின்னர் சிலருக்குத் தேவைப்பட்டால் திரும்பவும். அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி கட்டாயம் பார்க்க வேண்டும். உள்ளே தூங்கும் அந்தக் கிருமியை இது எழுப்பிவிடக்கூடும். போட வேண்டிய தடுப்பூசிகளை முதலே முடிப்பது நல்லது. பிறகு மாதக்கணக்காக எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும், காய்ச்சலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள்.

அந்த ஊசிக்கு எங்களுக்கு வசதி இல்லை. அப்ப வாழ்நாள் முழுக்கப் பிரெட்னிசொலோன்தானா?

இல்லை. அரச ஆஸ்பத்திரியில் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாட்டில், ‘இல்லை’ என்ற பதிலை ஒருமுறை கேட்டதும் திரும்பக் கேட்காமல் விடும் பழக்கம் நம்மவர்களுக்கு வந்துவிட்டது. இந்தியத் தயாரிப்புகளும் இருக்கின்றன, விலை வித்தியாசப்படும், அரச மருந்துக் கடையான ஒசுசலவிலும் விசாரியுங்கள்.

அது சரிவராவிட்டால், முன்னே சொன்ன அசாதயோப்ரின், மைக்கோபினோலேட் குளிசைகளோடு ஒழுங்காக இறங்கியவர்கள் நிறையப் பேர். 1980களில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் டொக்டர் பஸ்ரிச்சா தொடங்கிய முறை ஒன்றும் உண்டு: மாதத்துக்கு மூன்று நாள் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீரொய்ட் சேலைனில், அதில் ஒரு நாள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபொஸ்பமைட்டும். செலவு குறைவு, ஆனால் சைக்ளோபொஸ்பமைட் பிள்ளைப் பேற்றைப் பாதிக்கலாம். இளையவர்களுக்கு அதை யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

வாப்பாக்கு எம்பத்திரெண்டு வயசு, பெம்பிகொய்ட். குளிசை வேணாம், கிறீம் மட்டும் பூசினாப் போதும் எண்டு செல்றாங்க. மெய்யா?

மெய்தான், அது ஏமாற்று இல்லை. க்ளோபெட்டசோல் என்ற கடுமையான ஸ்டீரொய்ட் கிறீமை உடம்பு முழுக்கப் பூசுவதையும் குளிசையையும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு 2002இல் வந்தது. கொப்புளம் அதிகமாக இருந்தவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கிறீம் பக்கம் 76 வீதம், குளிசைப் பக்கம் 58 வீதம். வயது போனவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆனால் அந்தப் பூச்சு ஒரு நாளைக்கு 40 கிராம் வரை. 30 கிராம் டியூப் ஒன்று ஒரு நாளைக்கே காணாது. ‘டொக்டர் கிறீம் எழுதினார், ஒண்டு தாங்கோ’ என்று வருபவர்களிடம் நான் துண்டை இரண்டு முறை வாசிக்கச் சொல்கிறேன். பாதி முதுகைப் பூசிவிட்டு ‘கிறீம் சரிவரேல்லை’ என்றால் அது கிறீமின் பிழையல்ல. பூச ஒரு ஆளும் வேண்டும், அதை முதலே யோசியுங்கள். பூசுகிறவர் கையுறை போட வேண்டும். தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும், எனவே சீனி, பிரஷர் பார்ப்பது இதற்கும் உண்டு.

இன்னொரு வழி டொக்ஸிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக், நாளைக்கு 200 மில்லிகிராம். 2017இல் வந்த பிரித்தானிய ஆய்வில் ஆறு கிழமையில் கொப்புளம் அடங்கியவர்கள் டொக்ஸிசைக்ளினில் 74 வீதம், பிரெட்னிசொலோனில் 91 வீதம். ஆனால் கடும் பக்க விளைவு முதலாவதில் 18, இரண்டாவதில் 36 வீதம். கொஞ்சம் மெதுவாக ஆறினாலும் பரவாயில்லை என்றால் கேட்டுப் பாருங்கள். டுபிலுமாப் என்ற ஊசிக்கும் 2025இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

சீனி வருத்தக் குளிசையால கொப்புளம் வருமாம் எண்டு ஒருத்தர் சொன்னவர். கட்டுக்கதையா?

கட்டுக்கதை அல்ல. வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின், சிட்டாக்ளிப்டின் என்று ‘க்ளிப்டின்’ என முடியும் குளிசைகளுக்கும் புல்லஸ் பெம்பிகொய்ட்டுக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அதை மாற்றியதும் சிலருக்கு நோய் நன்றாக இறங்குகிறது, ஸ்டீரொய்ட்டின் தேவையும் குறைகிறது. தோல் கிளினிக்குக்குப் போகும்போது சீனி, பிரஷர், இருதயக் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நீங்களாக நிறுத்திவிட்டு, மேலே சொன்ன 280ஐ 400 ஆக்காதீர்கள்.

வாயில மட்டும்தான் புண். அதுக்கும் இவ்வளவு குளிசையா?

வாய்ப் புண் மட்டும் என்றால் சிலருக்குக் கொப்பளிக்கவே ஸ்டீரொய்ட் கொடுப்பார்கள்: தண்ணீரில் கரையும் பெட்டாமெத்தசோன் குளிசையைக் கரைத்து, சில நிமிடம் வாயில் வைத்து, துப்பிவிட வேண்டும். விழுங்கினால் குறைப்பதற்காகச் செய்ததன் பயன் போய்விடும். வாயில் வெள்ளையாகப் படிந்தால் அது பங்கசு, சொல்லுங்கள், அதற்கு வேறு மருந்து. சாப்பாட்டில் சம்பல், முறுக்கு, சூடான ரசம் வேண்டாம். ஆறிய சொதியில் ஊறவிட்ட இடியப்பம் இறங்கும்.

மிஸ், நோன்பு வருது. புடிக்கேலுமா?

அளவு கூட இருக்கும் நேரத்தில், சீனியும் இருந்தால், கிளினிக்கில் கேட்காமல் பிடிக்காதீர்கள். குறைந்த அளவில் நிலையாக இருப்பவர்களில் சிலருக்கு, சஹர் சாப்பாட்டோடு குளிசையை எடுத்துப் பிடிக்கலாம் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். தலைச்சுற்று, சத்தி, நடுக்கம் வந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருக்க நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

காய்ச்சல், சத்தி வந்தா, பல்லுப் பிடுங்க வேண்டி வந்தா என்ன செய்யிறது?

தூங்குகிற அட்ரினலை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்பு காய்ச்சல் நேரத்தில் தானே கூடுதலாகச் சுரக்கும், உங்களுடையது சுரக்காது. எனவே காய்ச்சலுக்கும் ஒப்பரேஷனுக்கும் தற்காலிகமாக அளவைக் கூட்ட வேண்டி வரலாம். எவ்வளவு என்பதை நல்லாக இருக்கும்போதே கிளினிக்கில் கேட்டு, கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள். குளிசை வயிற்றில் நிற்காமல் சத்தியாகப் போனால் வீட்டில் இருக்காதீர்கள், ஊசியாகக் கொடுக்க வேண்டும். நீண்ட நாள் ஸ்டீரொய்ட் எடுப்பவர் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு அட்டை பர்ஸில் இருக்கட்டும். மயங்கி விழுந்தால் அதுதான் உங்களுக்காகப் பேசும்.

எலும்புக்கு, வயித்துக்கு எண்டு துண்டு நீளுது. இதில எதை விடலாம்?

கல்சியம், விட்டமின் டி விட வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேட் குளிசையை வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு எடுத்து, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக் குழாயைப் புண்ணாக்கும். விட வேண்டியது ஒன்று உண்டு: முழங்கால் நோவுக்குக் கேட்காமல் வாங்கும் டைக்ளோபெனாக். ஸ்டீரொய்ட்டோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும்.

பொரளையில ஆயுர்வேதமும் பாக்கிறம். அந்தத் தூளால நல்லாக் குறையுது, பிரெட்னிசொலோனை விடலாமா?

பதிவு செய்த வைத்தியரிடம் பார்ப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரு பக்கத்துக்கும் மற்றப் பக்கத்தைச் சொல்லுங்கள். பயப்பட வேண்டியது பெயரும் உள்ளடக்கமும் எழுதாத பொட்டலம். மூன்று நாளில் கொப்புளம் காய்ந்து, பசியும் கூடுகிறது என்றால் எனக்குச் சந்தேகம் வரும். அப்படியான தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். குறைத்துவிட்டோம் என்று நினைத்து, அளவு தெரியாமல் கூட்டியிருப்பீர்கள்.

கனடாவில இருக்கிற அண்ணா வேற பேரில ஸ்டீரொய்ட் அனுப்பியிருக்கிறார். அதே எண்ணிக்கை போடலாமா?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பெயரைப் பாருங்கள். பிரெட்னிசோன் என்றால் பிரெட்னிசொலோனுக்கு மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம். 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு மெதில்பிரெட்னிசொலோன் 4, டெஃப்லசகோட் 6, ஹைட்ரோகோர்ட்டிசோன் 20, டெக்சாமெத்தசோன் முக்கால் மில்லிகிராம். கடைசியைத் திரும்பப் பாருங்கள். ‘எல்லாம் சின்ன வெள்ளைக் குளிசைதானே’ என்று அரை மில்லிகிராம் டெக்சாவைப் பிரெட்னிசொலோனின் இடத்தில் ஒன்றுக்கு ஒன்று போட்டவர் அறியாமலே மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தார். கொப்புளம் ஏன் திரும்பியது என்று ஒரு மாதம் தேடினோம். பிழை என்னுடையதும்தான், பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

ரெண்டு வருஷமா அஞ்சு மில்லிகிராமில நிக்குது. முழுசா விடவே ஏலாதா?

10 மில்லிகிராமுக்கு மேற்படாமல், நோய் அடங்கி இருந்தால் அதையே வைத்தியர்கள் நல்ல நிலை என்று கணக்கெடுக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே இறங்கும்போது இரண்டு கேள்வி ஒன்றாகக் கலந்துவிடும்: நோய் திரும்புமா, அட்ரினல் எழும்புமா. உடம்பு நோவு, சோர்வு, பசியின்மை வந்து, புதுக் கொப்புளம் இல்லை என்றால் அது பெரும்பாலும் இரண்டாவது. அதைப் பார்த்து ‘வருத்தம் திரும்பிட்டு’ என்று பழைய அளவுக்கு ஏறிவிடாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். 1 மில்லிகிராம் குளிசையாக மாற்றி, மாதத்துக்கு ஒன்று என்று இறக்குவார்கள்.

நோயின் பக்கத்தைப் பார்க்க, வசதி உள்ள இடத்தில் இரத்தத்தில் டெஸ்மோகிளீன் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்ப்பார்கள். அட்ரினலின் பக்கத்துக்குக் காலை கோர்ட்டிசோல் சோதனை. அதற்கான இரத்தத்தைக் காலை 8 மணியளவில் எடுக்க வேண்டும். கிளினிக் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அன்றைய குளிசையை வீட்டில் விழுங்காமல் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு, அங்கேயே கன்டீனில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுங்கள்.